வருவதாகச் சொன்னவர்கள்

அச்சகத்தில் வேலை செய்த அந்த அக்காவிடம் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசப் போனால் முதலில் இதைத்தான் கேட்பார்: "வாறன் எண்டு எத்தனை பேர் சொன்னாங்க எண்டதை விடுங்க. வரப்போறது எத்தனை பேர்?" கேட்டுவிட்டு, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருப்பார். பெரிய பெரிய ஏற்பாட்டாளர்களெல்லாம் அந்த இடத்தில் அசடு வழிய நின்றதைப் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன். மட்டக்களப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவரும் அப்போது இருக்கவில்லை.

எங்கள் ஊரின் குணம் அப்படி. அழைப்பிதழோடு வாசலுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்து "வரமாட்டேன்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, "கட்டாயம் வாறம்" என்று சொல்லித்தான் அனுப்புவோம். அன்றைக்கு வேறு வேலை இருப்பது சொல்லும்போதே தெரிந்திருக்கும். கேட்கிறவருக்கும் ஓரளவு தெரியும், அதற்கேற்றபடி அரிசியைக் குறைத்துப் போடுவார். போன் வந்த பிறகு அதே மரியாதை போனுக்குள்ளும் போய்விட்டது. நிகழ்ச்சி அறிவித்தலுக்குக் கீழே "வருகிறேன்" என்று அழுத்த ஓர் இடம் இருக்கிறதல்லவா, தெரிந்தவர் போட்ட அறிவித்தல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவோம். கட்டாரில் வேலைக்குப் போய் இருப்பவரும் அழுத்துவார்.

நானும் நான்கு நண்பர்களும் சேர்ந்து நடத்திய நாடகக் குழுவின் முதல் மேடையேற்றத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் அப்படி அழுத்தினார்கள். குழுவின் செயலாளர் நான். தலைகால் புரியாத சந்தோசத்தில் நானூறு கதிரை வாடகைக்கு எடுத்து, போதாமல் போய்விடுமோ என்று பக்கத்துப் பாடசாலையில் உட்காரும் நீள வாங்குகளுக்கும் சொல்லி வைத்தேன். வந்தது முப்பத்தொரு பேர். அதில் ஏழு பேர் நடிகர்களின் வீட்டார். மூன்றாம் வரிசையில் தனியாக ஒரு பெண் இருந்தார். முன்னால் இருந்தவர்கள் பாதியில் எழும்பிப் போனபோதும் அவர் அசையவில்லை. எங்கள் நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் கணினி வேலை செய்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாடகம் முடிந்து நாங்கள் செத்த முகத்தோடு கதிரைகளை மடித்தபோது, அவரும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து மடிக்கத் தொடங்கினார். அன்றைக்கு நாடகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. டிக்கெட்டைப் பற்றித்தான் பேசினார்.

"கொக்கட்டிச்சோலையில இருக்கிற ஒராள் பஸ்ஸுக்குள்ள இருந்து போனில உங்கட நாடகத்தைப் பார்க்கிறார். போகணும் எண்டு அந்த நிமிசம் ஒரு ஆசை வரும். டிக்கெட் எங்க கிடக்கு? டவுனில புத்தகக் கடையில. மறுகா அவர் ஆத்தைத் தாண்டி வந்து அதை எடுக்கணும். எடுப்பாரா? கண்ட இடத்திலயே குடுக்கணும் தம்பி."

இதைச் சொல்லும்போது அவர் கையில் நாலு மடித்த கதிரை இருந்தது. எனக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு, கையில் இரண்டுதான்.

அவர் ஏற்கெனவே இணையத்தில் ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். இந்தக் கிழமை மட்டக்களப்பில் எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும் பக்கம். அச்சகத்துக்கு வரும் நோட்டீஸ்களைப் பார்த்துப் பொழுதுபோக்காகத் தொடங்கியது. ஏழாயிரம் பேர்வரை அதைப் பின்தொடர்ந்தார்கள், ஆனால் நடத்துகிறவர் யார் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. எங்கள் இரண்டாவது நாடகத்திலிருந்து அந்தப் பக்கத்திலேயே டிக்கெட் விற்கத் தொடங்கினார். அறிவித்தலைப் பார்க்கிறவர் அதற்குக் கீழேயே "எனக்கு இரண்டு" என்று எழுதினால் போதும். மதியம் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் எல்லாருக்கும் பதில் எழுதுவார். பணம் போனிலேயே வந்துவிடும். உடனே ஒரு வெள்ளை அட்டையில் பேனையால் இலக்கத்தையும் ஆளின் பெயரையும் எழுதி, படம் பிடித்து அனுப்புவார். கணினியில் அழகழகாகக் கலியாண அட்டை அடிக்கிறவர் இதை மட்டும் ஏன் கையால் எழுதுகிறார் என்று கேட்டேன். தன் பெயரை இன்னொருவர் கையால் எழுதி அனுப்பினால் வராமல் இருக்க மனம் கேட்காது என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பணம் வாங்குமுன் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பார். "உண்மையாவே வாறீங்களா?" இந்தக் கேள்வியால் வந்த வில்லங்கம் கொஞ்சமில்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்து, அச்சகத்து முதலாளிக்கே போன் எடுத்துப் பேசிவிட்டார். காசு தருகிறேன் என்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று. அக்கா அவரிடம் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப வாறீங்கதானே சேர்?" என்று திரும்பவும் கேட்டார். அதிபர் அன்றைக்கு எல்லாருக்கும் முந்தி வந்து முன் வரிசையில் விறைப்பாக இருந்தார்.

யாராவது "வர முடியாது" என்று நேராக எழுதிவிட்டால் அவருக்குச் சிவப்பு இதயம் ஒன்று அனுப்புவார். "வரமாட்டன் எண்டவனுக்கு இதயம், வாறன் எண்டவனுக்கு விசாரணை" என்று நான் கேலி பண்ணுவேன். சிரிப்பார். ஆனால் இதயம் அனுப்புவதை விடவில்லை.

நிகழ்ச்சி நாளில், டிக்கெட் எடுத்தவர்களின் பெயர்களை எழுதிய ஒரு கொப்பியோடு வாசலில் நிற்பார். விற்காத கதிரைகள் எத்தனை வெறுமையாகக் கிடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. டிக்கெட் எடுத்த ஆளின் கதிரை வெறுமையாக இருந்தால் மட்டும் நிலைகொள்ளாது. கொப்பியைப் பார்ப்பார், தெருவைப் பார்ப்பார், போன் எடுப்பார். "எங்க நிக்கிறீங்க? அவசரமில்ல, ஆறுதலா வாங்க." அந்த ஆள் வரும்வரை திரையைத் தூக்க விடமாட்டார். இதனால் எங்களுக்குள் எத்தனையோ தரம் வாய்த்தர்க்கம் வந்திருக்கிறது. ஒருமுறை காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் தனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். பெருநாள் நெருங்கிய நேரம், கடையில் சனம். இருபத்தைந்து நிமிடம் நாடகத்தை நிறுத்தி வைத்தார் அக்கா. பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கடைசியில் அந்த மனிதர் வேர்க்க விறுவிறுக்க ஓட்டோவில் வந்து இறங்கினார். தங்களுக்காகத்தான் தொடங்கவில்லை என்று அறிந்ததும் மனைவியைப் பார்த்து, "நமக்காக ஒரு சபை காத்திருந்திருக்கு" என்று மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் நாடகம் ஒன்றையும் அவர்கள் தவறவிடவில்லை. அக்காவின் பிடிவாதத்துக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மரியாதை கொடுத்தேன்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் சொன்னார். யாரோ ஒருவருக்காக வாசலில் காத்திருந்தோம். நான் அலுத்துக்கொண்டபோது தன் தாய் இறந்த முப்பத்தோராம் நாளைப் பற்றித் தொடங்கினார். டவுனுக்கு வெளியே செட்டிபாளையத்து வீட்டில் தாயும் அவரும் மட்டும்தான். தாய் போன பிறகு, முப்பத்தோராம் நாளுக்கு இருநூறு பேருக்குச் சமைத்திருக்கிறார். எல்லாரும் வருவதாகச் சொன்னவர்கள். மார்கழி மாதம். முதல்நாள் இரவே மழை பிடித்து, விடியும்போது ஒழுங்கையில் முழங்காலுக்குத் தண்ணீர். பந்தலுக்குள் பாய்களைப் போட்டுவிட்டு மத்தியானம் மூன்று மணிவரை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பிறகு சோற்றை எல்லாம் கட்டி, வெள்ளத்துக்குப் பயந்து பாடசாலையில் வந்து தங்கியிருந்தவர்களுக்கு அனுப்பினாராம்.

"சோறு வீணாகல்ல. அந்த மழைக்குள்ள வரேலாதுதான், நான் ஒருத்தரிலயும் பிழை சொல்லல்ல," என்றார். "ஆனா எல்லாரிட்டயும் போன் இருந்திச்சி. வரல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் அடுப்பை நூத்துட்டுப் படுத்திருப்பன்."

அதன் பிறகுதான் வீட்டைப் பூட்டிவிட்டு டவுனில் ஓர் அறை எடுத்து வந்தது. அந்த அறையை நான் பார்த்ததில்லை. அவரிடம் யாரும் போய்வந்ததாகவும் கேள்விப்படவில்லை. ஒருநாள் அச்சகத்தில் அவருடைய போனை என் கையில் தந்து, ஓர் எண்ணைத் தேடச் சொன்னார். உள்ளே இருந்த பெயர்களைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். "நாடகம் இரண்டு பேர்", "பட்டிமன்றம் தனி", "பரதம் பிள்ளையோட". அப்படியே ஆயிரக்கணக்கில். உறவுமுறையில் ஒரு பெயரும் கண்ணில் படவில்லை. நான் "நாடகம் செயலாளர்" என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார். என்ன அக்கா என்றேன். "சும்மாதான் எடுத்தன்" என்றார். நான் விசயத்துக்காகக் காத்திருந்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நானும், நான் ஏதாவது கேட்பேன் என்று அவரும் கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு, அடுத்த நாடகம் எப்போது என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். சரி தம்பி என்று வைத்துவிட்டார். அந்தப் பின்னேரம் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

எங்கள் நாடகங்களுக்குச் சனம் சேர்ந்தது. பெயரும் கொஞ்சம் வந்தது. அப்போது கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்து ஏற்பாட்டாளர்களை எல்லாம் கூட்டிப் பேசியது. அறிவித்தலுக்குக் கீழேயே ஒரு பொத்தான், அழுத்தினால் அங்கேயே டிக்கெட், வேறெங்கும் போகத் தேவையில்லை. பெரிய கண்டுபிடிப்பைப் போலத் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். அச்சகத்து அக்கா கையில் கதிரையோடு சொன்ன அதே சங்கதி. எங்கள் குழு ஒத்துக்கொண்டது. யாரும் யாருக்கும் பதில் எழுதத் தேவையில்லை, யாருக்காகவும் காத்திருக்கவும் தேவையில்லை, சௌகரியம்தான். அக்காவிடம் சொல்ல வேண்டியது செயலாளரின் வேலை. இரண்டு முறை அச்சகத்துக்குப் போனேன். இரண்டு முறையும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வேறு கதை பேசிவிட்டு வந்தேன். இனி உங்களிடம் வரமாட்டோம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிய அறிவித்தலை அவர் போனில்தான் பார்த்தார். தன் பக்கத்திலும் அதைப் பகிர்ந்து, "இதிலேயே டிக்கெட் எடுக்கலாம்" என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தார். ஆறு மாதத்துக்குள் மற்றவர்களும் அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டார்கள். ஏழாயிரம் பேர் பின்தொடரும் அந்தப் பக்கத்தில் விற்பதற்கு ஒரு டிக்கெட்டும் இல்லாமல் போனது.

ஒரு வருடம் கழித்து, அந்தப் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி அறிவித்தலைக் கண்டேன். வாவிக்கரையில் உள்ள சிறிய வாசிகசாலை ஒன்றின் மேல்மாடி, சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணி, பழைய பாடல்கள். பாடுகிறவர் பெயராக அக்காவின் பெயர் இருந்தது. ஆர்மோனியத்துக்குக் கல்லடியிலிருந்து ஒரு பெரியவர். நாற்பது கதிரை மட்டும் என்று போட்டிருந்தது. அக்கா பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. கதிரை மடிக்கும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மடிப்பது ஞாபகம் வந்தது. ஒருநாளாவது அது என்ன பாட்டு என்று கேட்டிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை எனக்குத் திருகோணமலையில் ஒத்திகை. இரண்டு கிழமைக்கு முன்பே தெரியும். ஆனாலும் பழைய குற்ற உணர்வு ஒன்று நெஞ்சுக்குள் கிடந்ததே, அதற்காக அறிவித்தலுக்குக் கீழே "எனக்கு ஒன்று" என்று எழுதிப் பணத்தையும் அனுப்பினேன். போகாவிட்டாலும் டிக்கெட் எடுப்பது ஒரு மரியாதை என்று நினைத்தேன். இருநூற்று எண்பத்தாறு பேர் "வருகிறேன்" என்று அழுத்தியிருந்தார்கள். நாற்பது கதிரை நிறையாதா என்ன. கொஞ்ச நேரத்தில் வெள்ளை அட்டையின் படம் வந்தது. இலக்கம் ஒன்று, அதற்குக் கீழே வடிவான கையெழுத்தில் என் பெயர். எல்லாரிடமும் கேட்கும் அந்தக் கேள்வியை என்னிடம் அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்து போனை எடுத்தபோது ஏழேமுக்கால். எடுக்காத அழைப்பு இரண்டு, மெசேஜ் மூன்று. "எங்க நிக்கிறீங்க தம்பி?" என்று ஐந்து நாற்பதுக்கு. "அவசரமில்ல, ஆறுதலா வாங்க" என்று ஆறு பத்துக்கு. "இன்னும் தொடங்கல்ல" என்று ஆறே முக்காலுக்கு. அவருடைய எண்ணை அழுத்தப் போனேன். ஆனால் இந்நேரம் பாடிக்கொண்டிருப்பார், இடையில் தொல்லை கொடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் வைத்தேன்.

ஞாயிறு காலையில் நான் அனுப்பிய பணம் திரும்பி வந்தது. கூடவே ஒரு மெசேஜ். "காசைத் திருப்பி விட்டிருக்கன். வரல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் தம்பி."

திங்கட்கிழமை வாசிகசாலைக்குப் போனேன். காவலாளி ஐயா மேசையில் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பாட்டு எப்படி என்று, கேள்விப்பட்டவன்போலக் கேட்டேன்.

"என்ன பாட்டு. ஒருத்தரும் வரல்ல," என்றார். "ஒரு டிக்கெட்தான் வித்ததாம். ஆறரைக்கு ஆர்மோனியக்காரர் எழும்பிட்டார். அவ, இல்ல, டிக்கெட் எடுத்த ஆள் வருவார், எனக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லி அவரையும் இருத்தி வச்சா. ஏழு மணிக்கு நான்தான் போய் லைட்டை நூக்கணும் எண்டன். சரியெண்டு கதிரை எல்லாத்தையும் அவவே மடிச்சா. முன்னுக்குக் கிடந்த ஒண்டைக் கடைசியாத்தான் மடிச்சா."

"ஒரு பாட்டும் பாடல்லயா?"

"நான் இருந்து கேக்கிறன், எனக்குப் பாடுங்க எண்டன். டிக்கெட் எடுத்த ஆள் வராமத் தொடங்கேலாது ஐயா எண்டுட்டா." பத்திரிகையை மேசையில் தட்டி ஒழுங்காக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆர் தம்பி அந்த ஆள்? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

வெளியே வந்து வாவிக்கரைக் கட்டுச் சுவரில் உட்கார்ந்தேன். அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒன்று எழுதி அழித்தேன். திருகோணமலை ஒத்திகையைப் பற்றி எழுதினேன், அது அதைவிடக் கேவலமாக இருந்தது. டிக்கெட் எடுக்கும்போதே வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும் அக்கா என்று எழுதினேன். அதுதான் உண்மை. அந்த ஒரு சொல்லைத்தான் அவர் இத்தனை காலமும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் அழித்தேன். கடைசியில் நான் அனுப்பியது இவ்வளவுதான்: "குறை நினைக்க வேணாம் அக்கா. அடுத்த முறை கட்டாயம் வாறன்."

உடனே பார்த்துவிட்டார். பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது. பதில் எழுதுகிறார் என்று சிறிது நேரம் காட்டியது, பிறகு அதுவும் நின்றது. இரண்டு மாதம் கழித்து அச்சகத்தில் விசாரித்தேன், வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, பின்தொடர்கிற ஏழாயிரம் பேரும் இருக்கிறார்கள். கடைசி அறிவித்தல் அந்தச் சனிக்கிழமையினுடையதுதான். அதற்குக் கீழே, டிக்கெட் கேட்டு எழுதியிருப்பது இன்றைக்கும் நான் ஒருவன்தான்.